கனால் டு மிடி கரையில் சைக்கிள்

தெற்குப் பிரான்சில் உள்ள இந்தக் கால்வாய்க் கரையில் சைக்கிளில் போக தூலூஸ் நகரத்திலிருந்து கிளம்புகிறவர்கள் மெலிந்த டயர் போடாதீர்கள். முதல் ஐம்பது கிலோமீட்டர் வரை தார்ப்பாதை வழுவழுவென்று இருக்கும். கால்வாயின் மிக உயரமான இடமான நோருஸ் மேட்டுக்குப் பிறகு மண்பாதைதான். கரையோர நிழல்மரங்களான பிளேன் மரங்களின் வேர்கள் முண்டு முண்டாகப் புடைத்து நிற்கின்றன, மணிக்கட்டு விண்விண் என்று தெறிக்கிறது. இருந்தும் எனக்குப் பிடித்தது அந்தப் பகுதிதான்.

1681இல் முடிந்த கால்வாய் இது. கால்வாயை உருவாக்கிய ரிகே கட்டிய, படகுகளை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள் முட்டை வடிவில் இருக்கின்றன. பக்கச் சுவர்கள் மண்ணின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக அந்த வளைவு. மதகுக் காவலர் வீட்டுச் சுவரில் அடுத்த மதகுக்கு எத்தனை மீட்டர் என்று எழுதிய பலகை உண்டு. ஒவ்வொன்றிலும் நின்று படித்தேன்.

பூஞ்சை நோயால் மரங்களை வெட்டி எரிக்கிறார்கள். நிழலற்ற அந்த நீளங்களைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. கோடையில் போகிறவர்கள் தண்ணீர் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் ஊர்க்கடைகள் பூட்டிவிடுவதால் ரொட்டியைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள்.