நூறு கொடுத்தேன், நாற்பது போய்ச் சேர்ந்தது

கோவைப் பக்கம் ஒரு பொறிவண்டு வளர்ப்புக் கூடத்தில் சில வருடம் இருந்தேன். வேலை என்றால் பாதி அரசாணிக்காய் (பரங்கிக்காய்) வேலைதான். காம்போடு, மேலே பள்ளம் பள்ளமாக வரி விழுந்த காயாகப் பார்த்து வாங்க வேண்டும். கழுவி, பூஞ்சாண மருந்தில் நனைத்து, அடிபட்ட இடத்தில் மெழுகு பூசி, மாவுப்பூச்சியைக் குடியேற்றுவோம். காய் முழுக்க வெள்ளை பூத்ததும் கூண்டுக்குள் மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டுகளை விடுவோம். ஆஸ்திரேலிய வண்டு, காப்பிச் செடியின் பச்சை செதில் பூச்சியை ஒழிக்க 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. இதன் புழுவும் உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு நூலாகத் தொங்கவிட்டு, மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாவுப்பூச்சி என்று நினைத்து நானே நாலைந்தை நசுக்கியிருக்கிறேன்.

2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டது. அது மல்பெரிக்கும் பரவியபோது உடுமலைப் பக்கமிருந்து ஒரு ஆத்தா வந்தார். பட்டுப்புழு தின்கிற தழை, மருந்தடிக்க வழியில்லை. நூறு வண்டுப்புழு எண்ணி ஒரே டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். இடையில் காகிதத் துண்டு வைக்கவில்லை, இரையும் கொஞ்சம்தான். ஊரில் ஒரு விசேஷம் என்று அவர் இரண்டு நாள் கழித்துத்தான் டப்பாவைத் திறந்திருக்கிறார்.

"ஏஞ்சாமி, நூறுன்னு சொல்லிக் குடுத்த, நாப்பதுதான இருக்குது?"

இருந்த நாற்பதும் நன்றாகக் கொழுத்திருந்தனவாம்.

இரை தீர்ந்தால் பெரியது சிறியதைத் தின்னும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சுவரில் 'நன்மை செய்யும் பூச்சிகள்' என்று படம் ஒட்டி வைத்து தினமும் பார்த்தால் கொஞ்சம் மறந்துதான் போகிறது. நன்மை நமக்குத்தானே!

அதற்கப்புறம் தட்டைப்பயிர்க் காட்டுக்குப் போனால் சாறு உறிஞ்சும் அசுவினியை விட்டுவிட்டு, அதைத் தின்ன வரும் வண்டுகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே ஆறுபுள்ளி வண்டும் இன்னொரு சிவப்பு வண்டு இனமும் ஒரே செடியில் இருக்கும். கொழுந்தெல்லாம் அசுவினி கறுப்பாக அப்பியிருக்கும்வரை ஒன்றையொன்று சட்டை செய்வதில்லை. அசுவினி குறைந்த ஒரு நாள், அந்தச் சிவப்பு இனத்தின் பெரிய புழு ஒன்று இலையோரத்தில் ஒட்டியிருந்த ஆறுபுள்ளியின் கூட்டுப்புழுவை நெருங்கியது. கூட்டுப்புழுவால் எங்கே ஓட முடியும்? வால் பக்கம் இலையில் ஒட்டியிருக்க, உடம்பை மட்டும் தூக்கித் தூக்கி அடித்தது. முதல் இரண்டு தடவை புழு பின்வாங்கியது. மூன்றாவது தடவை பக்கவாட்டில் போய்க் கடித்தது. நான் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது ஓடுதான் மிச்சம். சொந்த இனத்துக்குள்ளும் இதே கதைதான். மஞ்சள் முட்டைக் குவியலில் முதலில் பொரிந்தது, பொரியாத தன் கூடப்பிறப்பைத் தின்றுதான் கால் ஊன்றும்.

"ரெண்டு வகையும் கலந்து குடுங்க, சீக்கிரம் தீரும்" என்று சில விவசாயிகள் கேட்பார்கள். பூச்சி நிறைய இருந்தால் சரி என்பேன். இல்லாவிட்டால் காசு வீண், ஒரே வகை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். கூடத்து முதலாளிக்கு இது பிடிக்காது.

ஆத்தாவுக்கு மறுபடி நானே பஸ்ஸில் கொண்டு போனேன். மடித்த காகிதம், மாவுப்பூச்சி ஏறிய தழை, பத்து டப்பா, டப்பாவுக்குப் பத்துப் புழு. திண்ணையில் உட்கார்ந்து அவரே ஒவ்வொன்றாக எண்ணினார். தொண்ணூற்றாறு. மீதி நாலைப் பற்றிக் கேட்கவில்லை, மோர் கொண்டுவர எழுந்து போனார்.