அண்ணாச்சி, சொல்லாதீங்க, எழுதிக் கொடுங்க

போன செவ்வாய்க்கிழமை காலை, கடையில் நல்ல கூட்டம். மதுரை கீழ மாசி வீதியைத் தெரிந்தவர்களுக்கு அந்த நேரத்துச் சத்தத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாச்சி போனைக் காதில் வைத்தபடியே என் பக்கம் திரும்பி, "தம்பி, துவரை ரெண்டு சிப்பம், உளுந்து ஒண்ணு, குண்டு மிளகாய் பத்து கிலோ, புளி அஞ்சு, அப்புறம் மல்லி... மல்லி பழசு வேணாம், உள்ள இருக்கறத எடு" என்றார். குடோன் வாசலுக்குப் போவதற்குள் துவரையும் 'பழசு வேணாம்' என்பதும் மட்டும்தான் மிஞ்சியிருந்தன. திரும்பி வந்து கேட்டேன். "இப்பத்தானடா சொன்னேன், மனசு எங்க இருக்கு?"

மனசு அங்கேயேதான் இருந்தது. அதே குடோனில் விளக்கை அணைத்துவிட்டு எந்த மூட்டை எந்த வரிசையில் கிடக்கிறது என்று கேளுங்கள், சொல்வேன். போன தீபாவளிக்குச் சீரகம் என்ன விலைக்கு இறங்கியது என்பதையும் சொல்வேன். காதில் விழுந்த ஐந்து சாமான் மட்டும் பத்து எட்டு தாண்டுவதில்லை.

எனக்கு ஆட்டிசம் இருப்பது 32 வயதில்தான் தெரிந்தது. "அது சின்னப் பிள்ளைகளுக்கு வர்றதுல்ல?" என்றார் அம்மா. அவரையும் குறை சொல்ல முடியாது, 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் இதைப் பற்றி எழுதியபோதே 11 பிள்ளைகளைப் பார்த்துத்தான் எழுதினார். அந்தப் பிள்ளைகளும் வளர்ந்து எங்காவது வேலைக்குப் போயிருப்பார்கள் என்பதுதான் யாருக்கும் தோன்றுவதில்லை.

டாக்டர் என்னிடம் சொன்ன சொல் வொர்க்கிங் மெமரி. கேட்டதைக் கொஞ்ச நேரம் மனதில் பிடித்து வைத்துக்கொண்டே அதை வைத்து ஒரு வேலையும் பார்ப்பது. 1974இல் உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் இதைப் பிரித்துக் காட்டினார்கள்: கேட்டதை உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கும் பகுதி ஒன்று, பார்த்ததையும் இடத்தையும் வைத்துக்கொள்ளும் பகுதி ஒன்று, இரண்டையும் மேய்க்க மேலே ஒரு மேஸ்திரி. என் மேஸ்திரி சத்தம் வந்தால் ஓடிவிடுகிறார், அவ்வளவுதான்.

இதைத் தேடிப் படிக்கப் போய்த்தான் 2005இல் ஹிதேயா கோஷினோ, மார்செல் ஜஸ்ட் குழு பிட்ஸ்பர்க்கில் செய்த ஆய்வு கண்ணில் பட்டது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களை ஸ்கேனருக்குள் படுக்க வைத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். க, ட, ம, ட என்று வந்தால், இரண்டாவது ட வரும்போது 'இதற்கு இரண்டு எழுத்துக்கு முன்னால் வந்ததும் இதுதான்' என்று பொத்தானை அமுக்க வேண்டும். கேட்க எளிது, நாலு நிமிஷம் செய்து பாருங்கள், வேர்த்துவிடும்.

மதிப்பெண்ணில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் மூளைக்குள். மற்றவர்களுக்கு இடது பக்கம், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி நன்றாக வேலை செய்திருக்கிறது, அதாவது எழுத்தை எழுத்தாகவே உள்ளுக்குள் உச்சரித்திருக்கிறார்கள். இவர்களுக்கு வலது பக்கமும், உருவத்தைப் பார்க்கும் பின்பகுதிகளும் கூடுதலாக வேலை செய்திருக்கின்றன. எழுத்தைப் படமாகப் பார்த்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் எடுத்த முடிவு. இதைப் படித்ததும் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஏனென்றால் நான் செய்வதும் அதைத்தான். வீட்டில் அம்மா சாமான் சொன்னால் தெற்கு மாசி வீதி முனையில் எண்ணெய், மேல மாசி வீதி முனையில் ரவை என்று மனதுக்குள் வைத்துக்கொண்டே போவேன். ஒவ்வொன்றையும் வைக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும். அண்ணாச்சி அந்த நேரத்தைத் தரமாட்டார்.

இன்னொன்று, டீஃபால்ட் மோட் நெட்வொர்க். சும்மா இருக்கும்போது, நம்மைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கும்போது மூளைக்குள் ஓடும் இணைப்பு இது, 'டீஃபால்ட் மோட்' என்பது 2001இல் மார்கஸ் ரெய்க்கிள் குழு வைத்த பெயர். வேலை என்று வந்தால் இது அடங்கிப்போக வேண்டும். 2006இல் வந்த ஓர் ஆய்வில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அப்படி அடங்கவில்லை. பில் போடும்போது நேற்று ஒருவர் சொன்ன வார்த்தை உள்ளே ஓடிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணமா என்று நானே முடிவு கட்டமாட்டேன், ஆனால் படிக்கும்போது சிரிப்பு வந்தது.

இந்த ஆய்வுகளில் ஆட்கள் குறைவு, வரும் முடிவும் எல்லாரையும் சேர்த்த சராசரிதான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் ஆட்டிசத்தில் வார்த்தை நினைவைவிட இடம் சார்ந்த நினைவுதான் அதிகம் அடிவாங்குகிறது என்கிறார்கள். என் கதை அதற்கு நேர் எதிர். அதனால் என் மண்டையை வைத்து உங்கள் வீட்டுப் பையனுக்கு அளவெடுக்காதீர்கள், அவனிடமே கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் கூட்டம் குறைந்ததும் அண்ணாச்சியிடம் போய், "வாயால சொன்னா எனக்கு நிக்காதுண்ணாச்சி, சிட்டை எழுதிக் கொடுங்க, இல்லனா வாட்ஸ்அப்ல போடுங்க, ஒண்ணுகூட விடாம எடுத்துத் தர்றேன்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரி, போட்டுவிடுறேன்" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே வாட்ஸ்அப் வந்துவிட்டது. இரண்டே முக்கால் நிமிஷ வாய்ஸ் மெசேஜ்.