ஜோகன்னஸ்பர்க்கில் ஓட்டுநர் உரிமம்: ஒரு நாட்குறிப்பு

2023 பிப்ரவரி 20

தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாத வெளிநாட்டவர்கள் உரிமத் தேர்வை எண்ணிப்பார்ப்பதற்கு முன்பே போக்குவரத்துப் பதிவு எண் ஒன்றைப் பெற்றாக வேண்டும். கடவுச்சீட்டு, விசா, முகவரிச் சான்று, புகைப்படங்கள் ஆகியவற்றைக் கொடுத்து இன்று விண்ணப்பித்தேன். ஊரில் பேருந்தும் ஆட்டோவும் இருந்தவரை வண்டி ஓட்டக் கற்க வேண்டிய தேவையே எனக்கு எழவில்லை. இங்கோ கௌட்ரெய்ன் ரயில் எவ்வளவு விரைவாகச் சென்றாலும் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வர இன்னொரு வண்டி வேண்டியிருக்கிறது.

2023 மார்ச் 16

ஜோகன்னஸ்பர்க் அடங்கிய கௌடெங் மாகாணத்தில் தேர்வு நாளை இணையத்தில்தான் முன்பதிவு செய்ய வேண்டும். காலி இடங்கள் தோன்றிய வேகத்திலேயே மறைந்துவிடுவதால், விடியுமுன் எழுந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கமாயிற்று. இன்று ஓர் இடம் கிடைத்தது.

2023 ஏப்ரல் 13

கண் பரிசோதனைக்குப் பிறகு பழகுநர் தேர்வு எழுதித் தேறினேன். சாலை விதிகளில் 28 கேள்விகள், சாலைக் குறிகளில் 28, வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவிகளில் 8. முறையே 22, 23, 6 சரியான விடைகள் வேண்டும். ஒரு பகுதியில் மிகுதியாக வாங்கிய மதிப்பெண் இன்னொரு பகுதியின் குறையை ஈடுகட்டாது என்பதுதான் இதிலுள்ள கண்டிப்பு. பழகுநர் உரிமம் 24 மாதங்களுக்குச் செல்லும்; அதுவரை உரிமம் பெற்ற ஒருவர் அருகில் அமராமல் நான் வண்டியை எடுக்கக் கூடாது.

2023 மே 14

ஞாயிற்றுக்கிழமை என்பதால் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன. தானியங்கிக் கியர் வண்டியில் தேர்வு கொடுத்தால் அத்தகைய வண்டியை மட்டுமே ஓட்டலாம் என்ற நிபந்தனை உரிமத்தில் ஏறிவிடும் என்பதால், கிளட்ச் உள்ள வண்டியையே தேர்ந்தெடுத்தேன். பயிற்சியாளர் என்னை "சிசி", அதாவது சகோதரி, என்று அழைக்கிறார். அவர் முதலில் கற்றுக்கொடுத்தது ஓட்டுவதை அல்ல, பார்ப்பதை. வண்டியைச் சுற்றி நடந்து, டயர்களைப் பார்த்து, அடியில் எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்து, உள்ளே அமர்ந்ததும் கைப்பிரேக்கையும் கியரையும் இருக்கையையும் கண்ணாடிகளையும் சரிபார்த்த பிறகுதான் சாவியைத் திருகலாம். நகரத் தொடங்கிய பின் ஐந்து முதல் எட்டு விநாடிகளுக்கு ஒருமுறை கண்ணாடிகளைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நகருமுன் தோளுக்கு மேல் கழுத்தைத் திருப்பி, கண்ணாடியில் விழாத மறைவிடத்தையும் பார்க்க வேண்டும். கே53 என்று இங்குள்ளோர் சொல்லும் தேர்வு முறையின் உயிர்நாடி இதுதான். கண்ணை மட்டும் அசைத்தால் தேர்வாளருக்குத் தெரியாது, தலையே அசைய வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். பாதி பாதுகாப்பு, பாதி நடிப்பு என்றே எனக்குப் படுகிறது.

2023 ஜூன் 22

மின்வெட்டு நேரத்தில் பயிற்சி. போக்குவரத்து விளக்குகள் அணைந்த சந்திப்பை, நான்கு புறமும் நின்று செல்லும் சந்திப்பாகக் கொள்ள வேண்டும் என்பது இந்நாட்டு வழக்கம்: எந்த வண்டி முதலில் வந்து நின்றதோ அது முதலில் செல்லும். காவலர் எவரும் இல்லாத அகன்ற சந்திப்பில், யார் முன்னால் வந்தார் என்பதை ஒவ்வொருவரும் மனத்தில் குறித்துக்கொண்டு, அடுத்தவருக்குக் கையசைத்து வழிவிட்டுச் செல்வதைப் பார்த்தபோது வியப்பாக இருந்தது. மினிபஸ் டாக்ஸிகள் மட்டும் இந்த வரிசையில் தம்மைச் சேர்த்துக்கொள்வதில்லை. நமக்கு முறை வந்துவிட்டதென்று நம்பி முன்னேறுவதைவிட, இன்னொரு முறை இடமும் வலமும் பார்ப்பதே நல்லது. 2022-இல் இந்நாட்டுச் சாலைகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். இதை எண்ணும்போது அந்தக் கழுத்துத் திருப்பலை நடிப்பு என்று மே மாதத்தில் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

2023 ஆகஸ்ட் 17

இப்போது பயிற்சி முழுவதும் மைதானத் தேர்வுக்கானது. கம்பங்கள் நட்ட ஒடுங்கிய இடத்துக்குள் இடப்புறமிருந்தும் வலப்புறமிருந்தும் பின்னோக்கி நுழைய வேண்டும். சாலையோரத்தில் இணையாக நிறுத்த வேண்டும். குறுகிய சாலையில் முன்னும் பின்னும் நகர்ந்து திரும்ப வேண்டும். சரிவில் நின்று மேல்நோக்கிக் கிளம்ப வேண்டும். கம்பத்தைத் தொட்டாலோ சரிவில் பின்னால் உருண்டாலோ தேர்வு அங்கேயே முடிந்தது. கிளட்ச் பிடித்துக்கொள்ளும் அந்த ஒரு கணத்தை, வண்டியின் மூக்கு சற்றே எழுவதிலிருந்து தெரிந்துகொண்டு, அதன் பிறகே கைப்பிரேக்கை விட வேண்டும். அவசரப்படுவோரைச் சரிவு மன்னிப்பதில்லை.

பயிற்சி முடிந்து வெளியே வருகையில், அறிமுகமில்லாத ஒருவர் அணுகி, குளிர்பானத்துக்குக் கொஞ்சம் கொடுத்தால் தேர்வுக்கே வர வேண்டியதில்லை என்றார். பயிற்சியாளர் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்து, "அந்த உரிமம் சந்திப்பில் உங்களுக்காகப் பார்க்காது, சிசி" என்று சொல்லி நடந்தார்.

2023 செப்டம்பர் 12

தேறினேன். மைதானத்தைவிடச் சாலைப் பகுதி எளிது. அங்கே மற்ற வண்டிகள் இருப்பதால் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறது. வெற்று மைதானத்தில் இல்லாத வண்டிகளைத் தேடிக் கழுத்தைத் திருப்புவதுதான் கடினம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கைப்பிரேக்கை இழுத்தேன். பின்னால் வந்தவர்கள் பொறுமையிழந்து ஒலி எழுப்பினார்கள். தேர்வு வண்டி என்று தெரிந்தும் எழுப்பினார்கள். தேர்வாளர் ஒரு சொல்கூடப் பேசாமல் எழுதிக்கொண்டே வந்தது எனக்கு மிகுந்த உதவி.

கைரேகையும் புகைப்படமும் பதிவாயின. அட்டை வரும்வரை பயன்படுத்த ஆறு மாதத் தற்காலிக உரிமத்தைத் தனிக் கட்டணம் செலுத்தி வாங்கினேன். நாடு முழுவதற்குமான உரிம அட்டைகளை அச்சிட இருப்பது ஒரே ஓர் இயந்திரம். 2021 நவம்பரில் அது பழுதாகி, ஜெர்மனிக்கு அனுப்பிப் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. இத்தனை பெரிய நாட்டுக்கு ஒற்றை இயந்திரம் என்பது எனக்கு இன்னும் விளங்காத ஏற்பாடு.

2023 நவம்பர் 21

அட்டை கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் செல்லும். காலாவதியாவதற்கு நான்கு வாரங்கள் முன்பாவது புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டுமாம். அந்த இணைய முன்பதிவை எண்ணி, நான்கு மாதங்கள் முன்பே தொடங்குவதென்று முடிவுசெய்திருக்கிறேன்.