பெரிய மர லேத்: தேர்வில் தொடங்கி முதல் கிண்ணம் வரை

மேஜை மேல் வைக்கும் சிறிய லேத்தில் உளிப்பிடி, பம்பரம், கையகலக் கிண்ணம் என்று கடைந்து கை பழகிய பிறகு, 12 அங்குல விட்டத்தில் ஒரு கிண்ணம் கடைய வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை. சிறிய லேத் அதற்குத் தோதுப்படாது. கட்டை எப்படியோ உள்ளே அடங்கினாலும், உளி சற்று ஆழமாகப் பட்டதும் பெல்ட் வழுக்கும். மோட்டார் திணறி நின்றுவிடும். ஆகவே தன் கால்களிலேயே தரையில் நிற்கும் முழு அளவு லேத் ஒன்றை வீட்டுப் பட்டறைக்காகத் தேடத் தொடங்கினேன். தேடல் முடிந்து, இயந்திரமும் வந்து, முதல் கிண்ணத்தின் பாதி வேலையும் ஆகிவிட்டது. தேர்வின்போது எதையெல்லாம் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

விவரக் குறிப்பைத் திறந்ததும் இரண்டு எண்கள்தான் முன்னால் நிற்கும். லேத்தின் நீண்ட அடித்தளமான பெட்டில் இடிக்காமல் சுழலக்கூடிய கட்டையின் அதிகபட்ச விட்டம் ஒன்று. அதை ஸ்விங் என்பார்கள். கட்டையை இரு கோடியிலும் தாங்கும் முனைகளான மையங்களுக்கு இடையே பொருத்தக்கூடிய நீளம் மற்றொன்று. பல மாடல்களின் பெயரிலேயே இவை இருக்கின்றன. ஜெட் 1642 என்றால் 16 அங்குல ஸ்விங், 42 அங்குல நீளம். லகூனா ரெவோ 1836, ஒன்வே 2436 ஆகியவையும் அப்படித்தான். பவர்மேட்டிக் 3520 மாடலில் மட்டும் வரிசை மாறி வரும்: நீளம் 35, ஸ்விங் 20.

இந்த ஸ்விங் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட், பான்ஜோ என்ற வார்ப்பிரும்புப் பிடியின் மேல் நிற்கிறது. கட்டைக்கு அடியில் பான்ஜோ நகர வேண்டுமென்றால் அதன் உயரத்தைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும். 16 அங்குல லேத்தில் இது 3 அங்குலம் வரை கூடக் குறையலாம். கிண்ணம் கடையும்போது பான்ஜோவைக் கட்டைக்கு முன்னால் நிறுத்திச் சமாளிக்கலாம். நாற்காலிக் கால் போன்ற நீள வேலைக்கு விட்டமே சிறியது. அங்கே இது ஒரு பிரச்சினை இல்லை. பெரிய ஜாடி, அகன்று நீண்ட தூண் என்று போகிறவர்கள்தான் இந்த அளவைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். விவரக் குறிப்பில் பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும்; சில குறிப்புகளில் இருக்கவே இருக்காது.

ஆனால் பெரிய லேத் ஒன்றின் தரத்தை உண்மையில் சோதிப்பது இந்த எண்கள் அல்ல. அறுத்த பச்சை மரக்கட்டையை முதன்முதலாக ஏற்றிச் சுற்றவிடும் அந்தச் சில நிமிடங்கள்தான். கட்டை அப்போது வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் பட்டை, மறுபக்கம் வைரம். ஒரு பக்கம் ஈரம் கூடுதல், மறுபக்கம் குறைவு. மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வெறும் 200 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 300 சுற்றில் அது லேத்தை இழுக்கும் விசை சுமார் 2 கிலோ எடைக்குச் சமம். 600 சுற்றில் 8 கிலோ. 1,200 சுற்றில் 32 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது. அந்த 32 கிலோவும் ஒரே பக்கம் இழுப்பதில்லை. விநாடிக்கு 20 முறை திசை சுற்றி வந்து இழுக்கிறது. இதைத் தாங்கித் தரையில் அசையாமல் நிற்க எடை வேண்டும், கால்கள் அகன்றிருக்க வேண்டும், பெட் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு என் தேடலின் வரிசையே மாறிவிட்டது. முதலில் எடை, அடுத்து குறைந்த வேகத்தில் முறுக்கு விசை, அதற்குப் பிறகுதான் ஸ்விங்.

எடையைப் பொறுத்தவரை, பவர்மேட்டிக் 3520 வரிசை 300 கிலோவைத் தாண்டுகிறது. அதில் பாதிகூட இல்லாத இயந்திரங்களும் 'முழு அளவு' என்ற பெயரில் வருகின்றன. வளைத்த தகட்டில் செய்த கால்களைப் பார்த்தாலே நான் ஒதுங்கிவிட்டேன். வார்ப்பிரும்புக் கால், அல்லது கனமான எஃகுக் குழாயில் பற்றவைத்த கால். இரண்டில் ஒன்று இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

முறுக்கு விசை விஷயத்தில் நிறையப் பேர் குதிரைத்திறன் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். இன்றைய லேத்துகளில் பெரும்பாலானவற்றில் மூன்று ஃபேஸ் மோட்டார் இருக்கும். வீட்டின் ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தை அதற்கேற்ப மாற்றி, வேகத்தையும் கூட்டிக் குறைத்துத் தருவது வி.எஃப்.டி. என்ற மின்னணுப் பெட்டி. குமிழைத் திருப்பினால் வேகம் குறைகிறது. உண்மையில் அருமையான வசதி. ஆனால் மோட்டாரின் வேகம் கால் பங்கானால் அது தரும் திறனும் ஏறக்குறைய கால் பங்குதான். 2 குதிரைத்திறன் மோட்டார் அந்த நிலையில் அரைக் குதிரைத்திறன்தான் தரும். மோட்டாரின் விசிறியும் அதே தண்டில் சுழல்வதால் குளிர்விப்பும் குறைந்து சூடேறும். இதற்கு மருந்து, பெல்ட் ஓடும் படி வைத்த சக்கரமான புல்லி. பெல்ட்டைத் தாழ்ந்த படிக்கு மாற்றினால் மோட்டார் வேகமாக ஓடும், கட்டையைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் மெதுவாகச் சுழலும், முறுக்கு விசை பெருகும். ஆகவே குமிழ் ஒன்றை மட்டும் நம்பாமல், குறைந்தது இரண்டு புல்லிப் படிகளாவது உள்ள லேத்தைத் தேடுங்கள். நோவாவின் டி.வி.ஆர். லேத்துகள் பெல்ட்டே இல்லாமல் மோட்டாரை நேராக ஸ்பிண்டிலில் வைத்து, வேறு வகை மோட்டாரால் இதைத் தீர்க்கின்றன. அது தனி வழி, நல்ல வழியும்கூட.

வேகத்துக்குக் கடைசல்காரர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6,000 முதல் 9,000 வரை வர வேண்டும். 12 அங்குலக் கிண்ணத்துக்கு 500 முதல் 750 சுற்று. சமநிலை இல்லாத கட்டைக்கு இதற்கும் கீழே தொடங்க வேண்டும். அதனால் நிமிடத்துக்கு 100 சுற்றுக்கும் கீழே இறங்கக்கூடிய லேத்தே எனக்கு வேண்டும் என்று முடிவு செய்தேன். 12 அங்குல விளிம்பு 1,000 சுற்றில் மணிக்கு 57 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்பதை நினைத்தால், முகக்கவசம் இல்லாமல் யாரும் அதன் முன் நிற்க மாட்டார்கள்.

பயன்படுத்திய லேத்துகளையும் நேரில் போய்ப் பார்த்தேன். அங்கே செய்த சோதனைகள் புதிய லேத்துக்கும் பொருந்தும். ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கிலும், கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கிலும் கூர்முனை மையங்களைச் செருகி, இரண்டு முனைகளையும் ஒட்டிக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். நேருக்கு நேர் சந்தித்தால் பாதி தேறியது. பிறகு டெயில்ஸ்டாக்கைப் பின்னுக்குத் தள்ளி, அதிலிருந்து முன்னும் பின்னும் நகரும் குவில் என்ற குழலை முழுவதும் வெளியே நீட்டி மறுபடி சந்திக்க வைக்க வேண்டும். முதலில் சந்தித்த முனைகள் இப்போது விலகினால் குவில் அச்சுக்கு இணையாக நகரவில்லை என்று பொருள். துளை போடும்போது இது பெரிய தொல்லை. ஸ்பிண்டிலை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் பேரிங் தேய்ந்திருப்பது விரல்களில் தெரிந்துவிடும். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் இண்டிகேட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

பான்ஜோவைப் பூட்டி, டூல் ரெஸ்ட்டின் ஓரத்தில் உடம்பின் பாரத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒரு லேத்தில் அது மெல்லத் திரும்பிவிட்டது. மோட்டாரும் பேரிங்கும் நன்றாக இருந்தும் அதை விட்டுவிட்டேன், வருத்தத்தோடுதான். உளி மரத்தில் சிக்கும் நொடியில் ரெஸ்ட் நகர்ந்தால் என்னாகும் என்பதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

ஸ்பிண்டில் மரையைப் பற்றிச் சுருக்கமாக: எம்33×3.5 (33 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 3.5 மி.மீ.) அல்லது 1¼ அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரை. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்கும், திருகாணியால் கட்டையில் பொருத்தும் ஃபேஸ்பிளேட்டும் எளிதில் கிடைக்கும். மையங்களைச் செருகும் உள்துளை, மோர்ஸ் டேப்பர் 2 என்ற கூம்பு அளவு. அரிதான மரை உள்ள லேத் எவ்வளவு மலிவாக வந்தாலும் பின்னால் வாங்கும் ஒவ்வொரு உதிரிக்கும் அலைய வைக்கும்.

ஹெட்ஸ்டாக்கில்தான் அதிகம் யோசித்தேன். அசையாமல் நிற்பது, திரும்புவது, பெட்டின் மேல் நகர்வது என்று மூன்று வகை. கிண்ணத்தின் உட்புறத்தைக் குடையும்போது அசையாத வகையில் பெட்டின் மேல் குனிந்து உளி பிடிக்க வேண்டும், இடுப்பு வலிக்கும். திரும்பும் வகையில் இது தீர்ந்துவிடும், ஆனால் திருப்பி மீண்டும் நேராக்கும் ஒவ்வொரு முறையும் மையங்கள் சந்திக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நகரும் வகையில் டெயில்ஸ்டாக்கைக் கழற்றிவிட்டு ஹெட்ஸ்டாக்கை வலக் கோடிக்குக் கொண்டுவந்தால் நிமிர்ந்து நின்றே குடையலாம். கழற்றி வைக்க இடமும் தூக்க வலுவும் வேண்டும். நான் நகரும் வகையையே எடுத்தேன்: 18 அங்குல ஸ்விங், 2 குதிரைத்திறன், இரண்டு புல்லிப் படி.

இயந்திரம் வந்ததும் டெயில்ஸ்டாக், பான்ஜோ, ஹெட்ஸ்டாக், பெட், கால்கள் என்று பிரித்தே உள்ளே கொண்டுபோனோம். ஸ்பிண்டிலின் மையம் முழங்கை உயரத்துக்கு வரும்படி கால்களுக்கு அடியில் கனமான மரத்துண்டுகளை வைத்தேன். உயரம் சரியாக அமைந்தபோது தோள்பட்டை தளர்ந்ததை உடனே உணர முடிந்தது. கால்களுக்கு இடையே பெட்டி செய்து உலர்ந்த மணலை நிரப்பினேன். மேலே மரச்சீவல் விழ இடைவெளி விட்டிருக்கிறேன். மின்சாரத்துக்குத் தனி இணைப்பு. வி.எஃப்.டி. உள்ள இயந்திரங்கள் மின்கசிவுத் தடுப்பானைக் காரணமில்லாமல் விழச் செய்வதுண்டு என்பதால் அதைத் தெரிந்த எலக்ட்ரீஷியனையே அழைத்தேன்.

முதல் கட்டையை 150 சுற்றில் தொடங்கினேன். லேத் மெல்ல அதிர்ந்தது, நகரவில்லை. ஓரங்களைச் சீவச் சீவ அதிர்வு அடங்கியது, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினேன். குழிவான கௌஜ் உளியின் ஓரத்திலிருந்து ஈரச்சீவல் நீள நாடாவாகப் பிரிந்து தோளுக்கு மேல் பறந்தபோது இத்தனை நாள் தேடியதற்குப் பலன் கிடைத்த நிறைவு இருந்தது. எவ்வளவு ஆழமாக உளியை வைத்தாலும் மோட்டார் ஓசை மாறியதே தவிர நிற்கவில்லை.

பச்சை மரம் என்பதால் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 சென்டிமீட்டர் கனத்தில் நிறுத்தி உலர வைத்திருக்கிறேன். வாரந்தோறும் எடை போடுகிறேன்; இன்னும் குறைந்துகொண்டே வருகிறது. இழையின் போக்கில் விட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்க, குறுக்கே அரை அங்குலம் சுருங்கி முட்டை வடிவமாகிவிட்டது. எடை நிலைத்ததும் மீண்டும் ஏற்ற வேண்டும். சக் கடித்துப் பிடிக்கும் அடிமுளையும் கோணியிருக்கும் என்பதால், முதலில் கிண்ணத்தைக் கவிழ்த்து டெயில்ஸ்டாக்கால் அழுத்திப் பிடித்து முளையை வட்டமாக்குவேன். அதன் பிறகுதான் சுவரை மெலிதாக்குவதும் உப்புத்தாள் போடுவதும்.