உதிரி டப்பாவிலிருந்து ஒரு சேத்தக்

ஜூன் 3
மூன்று மாதமாக அலமாரியில் கிடந்த, பாகங்களை ஒட்டிச் செய்யும் ஹெலிகாப்டர் மாடல் கிட்டை இன்று பிரித்தேன். நிஜத்தில் 72ல் ஒரு பங்கு அளவு, பெட்டியில் ஆலுவெட் 3 என்று போட்டிருக்கிறது. 1959ல் பிரான்சில் முதலில் பறந்தது இது, அப்புறம் பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை லைசென்ஸ் வாங்கிச் செய்ததுதான் நம் கடலோரக் காவல்படை ஓட்டும் சேத்தக். ஆலுவெட் என்றால் வானம்பாடி. இங்கே வந்ததும் ராணா பிரதாப்பின் குதிரையாகிவிட்டது. எனக்கு வானம்பாடிதான் பிடித்திருக்கிறது. விற்றவர் எல்லாப் பாகமும் இருக்கிறது என்று சத்தியம் செய்தார். ஒரு ரோட்டர் இறக்கையைக் காணோம், ஆள் தூக்கும் வின்ச்சையும் காணோம்.

ஜூன் 6
குறுவை நாற்றங்காலுக்குப் போர்வெல் ஓட்டி எரிந்த மோட்டார்கள், காயில் கட்டித்தரும் என் கடை வாசல் வரைக்கும் வரிசையாக நிற்கின்றன. ராத்திரி பத்துக்கு மேல்தான் உதிரி டப்பாவைக் கொட்ட முடிந்தது. நிஜ ரோட்டர் 11.02 மீட்டர், எனக்கு முனைக்கு முனை 15.3 சென்டிமீட்டர் வரணும். ஐஸ்கிரீம் டப்பா மூடியில் மூன்றாவது இறக்கையை வெட்டிவிட்டேன். வின்ச்சுக்கு ரீஃபில் துண்டு. கேபிளுக்குத்தான் எங்கேயும் அலையவில்லை, மோட்டார் காயில் கட்டும் கம்பியிலேயே ஆக மெல்லியது, முடி மாதிரி.

ஜூன் 7
கரண்ட் இல்லை.

ஜூன் 9
பின்னணி அட்டை. கோடியக்கரை கலங்கரை விளக்கத்தை வரையலாம் என்று கணக்குப் போட்டால் அதே அளவில் இரண்டு அடிக்கு வருகிறது. வேண்டாம். வெறும் கடல், ஒரு ஃபைபர் படகு, அதில் கையைத் தூக்கி கேபிள் நுனிக் கொக்கியைப் பிடிக்கப்போகும் ஒருவர்.

ஜூன் 11
மீன்பிடித் தடைக்காலம் 14 வரை, அதனால் அக்கரைப்பேட்டை அண்ணன் சும்மா வந்தார். பார்த்ததும், "தம்பி, இந்த ஆளு ஷாக் அடிச்சு விழுந்துடுவான்" என்றார். சுற்றும் இறக்கை காற்றில் உரசி ஹெலிகாப்டர் உடம்பில் மின்சாரம் ஏறுமாம், கொக்கி முதலில் தண்ணியையோ போட்டையோ தொட்டு அதை இறக்கிய பிறகுதான் கை வைக்கணும். கொக்கியைப் போட்டில் கட்டவும் கூடாது, கட்டினால் மேலே இருப்பவனையும் சேர்த்துக் கட்டிப்போட்ட மாதிரி. ஊர்க் கூட்டத்தில் கோஸ்ட் கார்டுக்காரர்கள் சொன்னதாம். இருபது வருஷமாக மோட்டார் கட்டுகிறேன், எர்த் என்பது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

ஜூன் 13
ஆளின் கையை பிளேடால் அறுத்து, கீழே தொங்கும்படி ஒட்டினேன். கேபிளை ஒன்றரை சென்டிமீட்டர் நீட்டினேன். இன்னொரு தப்பும் கண்ணில் பட்டது: தரையில் நின்றிருக்கும்போதுதான் இறக்கை தொங்கும், எடையைத் தூக்கி வானில் நிற்கும்போது முனைகள் லேசாக மேலே வளையும். வெந்நீரில் முக்கி முக்கி வளைத்ததில் ஐஸ்கிரீம் மூடி இறக்கை சுருண்டுபோய், இன்னொன்று வெட்டவேண்டியதாகிவிட்டது. கீழே காற்று அடித்துச் சிதறும் தண்ணீருக்குப் பஞ்சைப் பிய்த்து, பெவிகாலில் நனைத்து, போட்டைச் சுற்றி வட்டமாக வைத்தேன். மகள் வந்து, "அப்பா, அவர் ஏன் பிடிக்காம நிக்கிறார்?" என்றாள். சொன்னேன். பிடிக்கிற மாதிரி இருந்தால்தான் நல்லாயிருக்கும் என்று போய்விட்டாள்.

ஜூன் 14
அண்ணனுக்குப் போட்டோ அனுப்பினேன். ராத்திரி கடலுக்குக் கிளம்ப ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர் நடுவிலேயே போன் பண்ணினார். கொக்கி சரியாம்.

"போட்டுக்கு நம்பர் எழுதலியே தம்பி, புடிச்சிருவாங்க."