பல்லைப் பிடித்துப் பார்க்கட்டும்

எங்கள் தொண்டு இல்லத்துக்கு வரும் தன்னார்வலர்கள் எல்லோருக்கும் பிடித்த வேலை சாப்பாடு பரிமாறுவதுதான். கரண்டியைக் கையில் எடுத்த நிமிஷமே நல்லது செய்கிறோம் என்ற நிறைவு வந்துவிடும். யாருக்கும் பிடிக்காத வேலை துணி அறை. வந்து குவியும் மூட்டைகளைப் பிரித்து, உதறி, மோந்து பார்த்து (ஆமாம், மோந்து பார்த்துத்தான்), அளவு வாரியாக மாட்டி வைக்க வேண்டும். எனக்குத் தையல் தெரியும் என்று பேச்சுவாக்கில் சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து துணி அறை என் தலையில். இப்போது யார் கேட்டாலும் விட்டுத்தர மாட்டேன் என்பது வேறு விஷயம்.

இல்லத்தை நடத்துவது ஒரு சிறிய கிறிஸ்தவ சபை. தெருவில் படுப்பவர்கள், வேலை போய் வாடகை கொடுக்க முடியாதவர்கள், அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்த பெண்கள், சிறையிலிருந்து வெளியே வந்து போக்கிடம் இல்லாதவர்கள் எல்லோரும் குளிக்க, சாப்பிட, துணி மாற்ற வருகிறார்கள். நான் அந்த மதத்தைச் சேர்ந்தவள் இல்லை. சேரும்போதே பொறுப்பாளர் சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். "ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். ஜெபம் பற்றியும் அவரிடம் ஒரே சட்டம்தான்: யாராவது கேட்டால் உட்கார்ந்து ஜெபம் பண்ணு, சாப்பாட்டுத் தட்டு கைக்குப் போகும் முன்னால் அந்தப் பேச்சையே எடுக்காதே. பசித்தவனிடம் பேரம் பேசக்கூடாது என்பது அவர் கட்சி.

சரி, மூட்டைக்கு வருவோம். பாதி மூட்டை நல்ல துணி. மீதி, சொல்லவே கூசுகிறது. ஜிப் போன பேன்ட், கறை போகாத சட்டை, ஜோடி இல்லாத ஒற்றைச் செருப்பு. ஒற்றைச் செருப்பை ஒருவர் என்ன நினைத்துப் பையில் போட்டு முடிச்சுப் போடுகிறார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குப்பைத் தொட்டிக்கு நடக்கச் சோம்பல் என்றால் அதையாவது ஒத்துக்கொள்ளலாம்.

ஒருநாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். நல்ல வெள்ளைச் சட்டை மூன்று எடுத்துக் காட்டினேன். இஸ்திரி போட்டது, காலர் கசங்காதது. மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். அருகில் துணி மடித்துக்கொண்டிருந்த புதுத் தம்பி ஒருவர், "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தானாம்" என்று முணுமுணுத்தார். அவர் காதிலும் விழுந்துவிட்டது. கோபப்படவில்லை.

"வெள்ளை ஒருநாள் தாங்கும்மா. மறுநாள் அழுக்குத் தெரியும். அழுக்குச் சட்டையோட போனா கக்கூசுக்குக்கூட உள்ள விடமாட்டான்" என்றார். பிறகு அவரே தேடி, நீலத்தில் கட்டம் போட்ட ஒரு பழைய சட்டையை எடுத்தார். அதை ஏன் எடுத்தார் என்று பார்த்தேன். மார்புப் பையில் மூடியும் பட்டனும் இருந்தன. அடையாள அட்டையையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி அந்தப் பையில் வைத்துப் பார்த்தார். பட்டனைப் போட்டார், குனிந்தார், நிமிர்ந்தார். விழவில்லை. "இது போதும்."

தூங்கும்போது அட்டை களவு போனால் புதிதாக வாங்க முகவரி கேட்பார்கள். முகவரி இல்லாததுதானே அவருடைய பிரச்சினையே. அந்த ஒரு பட்டனுக்குள் அவ்வளவு கணக்கு இருக்கிறது.

அதற்கப்புறம் யார் எதை வேண்டாம் என்றாலும் ஏன் என்று கவனிக்க ஆரம்பித்தேன். தனியாகப் படுக்கும் பெண்கள் உடம்பை ஒட்டிய துணியைத் தொடமாட்டார்கள். அழகாக இருக்கிறது என்று நாம் நீட்டும் உடையே இரவில் அவர்களுக்கு ஆபத்து. கனமான ஒரே கோட்டைவிட மெல்லிய துணி இரண்டு மூன்றைத்தான் பலர் கேட்பார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் குளிர் தாங்கும், வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். சாக்ஸ் என்றால் சண்டையே வரும். மழையில் நனைந்த காலோடு நாள்கணக்கில் நடந்தால் பாதத்துத் தோல் வெளுத்து, ஊறி, பிளந்துவிடும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இதனால் அவதிப்பட்டார்கள். சர்க்கரை வியாதியும் இருந்துவிட்டால் அந்தப் பிளவு புண்ணாகி, விரலை எடுக்கும் வரைக்கும் போகலாம். ஆகவே சாக்ஸைத் திருப்பி, தையலைத் தடவி, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறவர் பிகு பண்ணவில்லை. தெருவில் எப்படி உயிரோடு இருப்பது என்பதில் அவர் நமக்கெல்லாம் வாத்தியார்.

இதை சிஸ்டரிடம் சொன்னபோது அவர் மாட்டை விட்டுவிட்டுக் குதிரைக்குப் போய்விட்டார். ஏழைகளுக்கு உதவும் கிறிஸ்தவ அமைப்பான இரட்சணிய சேனையைத் (சால்வேஷன் ஆர்மி) தொடங்கிய வில்லியம் பூத் லண்டனின் கிழக்குப் பகுதியில் வேலை ஆரம்பித்தது 1865இல். 1890இல் அவர் எழுதிய புத்தகத்தில் வாடகை வண்டிக் குதிரையை உதாரணம் காட்டுகிறார். குதிரை தெருவில் இடறி விழுந்தால், அது எப்படி விழுந்தது, யார் தப்பு என்று நின்று விசாரிக்காமல் முதலில் தூக்கி நிறுத்துகிறார்கள். உயிரோடு இருக்கும்வரை அதற்குத் தீனி, கொட்டில், வேலை மூன்றும் உண்டு. மனிதனுக்கு அதுகூட இல்லையே என்பது அவர் கேள்வி. எனக்குப் பிடித்தது அந்த 'விசாரிக்காமல்'தான். இங்கே உதவ வரும் நல்ல மனிதர்கள்கூட முதலில் கேட்பது "குடிப்பாரா?" என்றுதான்.

என்னை சிஸ்டர் விளையாட்டாகத் தொற்காள் என்று கூப்பிடுவார். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற பகுதியில் வரும் யோப்பா ஊர்ப் பெண் அவள். தபீத்தாள் என்றும் பெயர். அவள் செத்தபோது விதவைகள் அழுதுகொண்டே அவள் தைத்துக் கொடுத்த உடைகளை இயேசுவின் சீடர் பேதுருவிடம் எடுத்துக் காட்டினார்களாம். பழையதைக் கழித்துக் கட்டவில்லை, புதிதாகத் தைத்தே கொடுத்திருக்கிறாள். நாலாம் நூற்றாண்டில் மார்ட்டின் என்ற ரோமானியச் சிப்பாய், இன்றைய பிரான்சில் இருக்கும் ஆமியான் நகர வாசலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்த கதையும் இங்கேதான் கேள்விப்பட்டேன். போட்டிருந்ததை வெட்டினார் என்பதைக் கவனியுங்கள். வீட்டுப் பரண்மேல் கிடந்ததை அல்ல.

துணி அறையில் நான் சாதித்த ஒரே காரியம் கண்ணாடி. ஆள் உயரக் கண்ணாடி வேண்டும் என்றதும், இலவசமாக எடுத்துப் போகிறவர்களுக்குக் கண்ணாடி எதற்கு என்று கூட்டத்தில் கேட்டார்கள். எதற்கென்று எனக்கும் அப்போது ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை, பிடிவாதம் மட்டும் பிடித்தேன். கடைசியில் யாரோ பழைய பீரோவின் கதவையே கழற்றிக் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டுக் கழுவுதொட்டிக்கு மேலே இருப்பதில் முகம் மட்டும்தான் தெரியும். முழு உருவத்தைப் பார்த்தே வருஷக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். ஒரு இளைஞர் வேலைக்கான நேர்முகத்துக்குக் கோட்டு போட்டுப் பார்த்தார். முன்பக்கம், பக்கவாட்டு, கழுத்தைத் திருப்பி முதுகு. "தோள் தொங்குதுக்கா" என்றார். தொங்கத்தான் செய்தது. உள்ளே ஒரு மடிப்புப் பிடித்துத் தைத்தேன். அதற்குள் வரிசையில் நின்ற மூன்று பேர் ஆளுக்கொரு யோசனை சொல்ல, ஒருவர் கையை மடித்துவிட, அறை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. கோட்டைத் துவைத்துத் திருப்பிக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, அடுத்த தடவைக்கு வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வைத்திருக்கிறேன்.

படித்துவிட்டு மூட்டை கட்ட நினைப்பவர்களுக்கு: எங்களிடம் எப்போதும் இல்லாத பொருள் பெல்ட். சரியான இடுப்பளவில் பேன்ட் கிடைப்பது அபூர்வம், பெல்ட் இருந்தால் எதையும் சமாளிக்கலாம். உள்ளாடையும் சாக்ஸும் புதிதாக வாங்கிக் கொடுங்கள். மற்றதைத் துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு கட்டுங்கள், பைமேல் அளவை எழுதுங்கள். அடர்ந்த நிறமாக இருந்தால் நல்லது, பட்டன் வைத்த பை இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளைச் சட்டை மட்டும் இப்போதைக்கு வேண்டாம், நிறைய இருக்கிறது.