திங்கட்கிழமை முதல் ஷிப்ட்

டயாலிசிஸ் பிரிவில் வாரத்திலேயே கடினமான நேரம் திங்கட்கிழமை காலை. திங்கள், புதன், வெள்ளி என்று வருகிறவர்களுக்கு மற்ற வேளைகளில் நடுவே ஒரு நாள்தான் இடைவெளி. வெள்ளிக்குப் பிறகு மட்டும் இரண்டு நாள். சிறுநீர் இறங்காத உடம்பில் அந்த இரண்டு நாள் குடித்ததெல்லாம் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். கால் வீங்கும், மூச்சு வாங்கும், படுத்தால் தூக்கம் வராது. அந்த நிலையில் வருகிறவர் சிரித்த முகத்தோடா வருவார்? முந்தின நாள் ஆலயத்தில் நீடிய பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுவிட்டு வரும் நர்ஸுக்கு, வேதாகமத்தில் யாக்கோபு சொல்கிற ‘விசுவாசத்தின் பரீட்சை’ எடை மெஷின் பக்கத்திலேயே தொடங்கிவிடும்.

டிரை வெயிட், அதாவது தேங்கிய நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை, 60 கிலோ உள்ளவர் 63.5 காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை லிட்டர் எடுக்க வேண்டும். வழக்கமான 4 மணி நேரத்தில் எடுத்தால், ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 14.6 மில்லி ஆகிறது. 13-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. அரை மணி நேரம் கூட்டினால் 13-க்குள் வந்துவிடும். ஆனால் அந்த அரை மணி நேரம் யாருக்கும் பிடிக்காது. “பஸ் போயிடும் சிஸ்டர், சீக்கிரம் முடிச்சு விடுங்க” என்பார் அவர். வெளியே அடுத்த ஷிப்ட் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? மெஷின் தண்ணீரை எடுப்பது ரத்தக் குழாயிலிருந்து. வீக்கம் இருப்பதோ சதையில். சதையிலிருந்து நீர் குழாய்க்குள் ஊறி வர அதற்கென்று ஒரு நேரம் ஆகும். ஊறுவதைவிட வேகமாக இழுத்தால் பிரஷர் விழும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். முதல் அறிகுறி பல நேரம் வெறும் கொட்டாவிதான். அடுத்து நெற்றியில் வியர்வை. அந்த நிமிடத்தில் பொறுமைக்கு இடமே இல்லை. நீர் எடுப்பதை நிறுத்தி, தலையைத் தாழ்த்தி, காலை உயர்த்தி, தேவைப்பட்டால் 100 முதல் 200 மில்லி சலைன் விட்டு, டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும். அலாரமும் அப்படித்தான். சத்தத்தை அமுக்கிவிட்டு “பாக்கலாம்” என்று நகரக்கூடாது. கையில் ஊசி இருக்கும் இடத்திலிருந்து மெஷின் வரைக்கும் ட்யூபைக் கண்ணால் தொடர்ந்து பார்க்க வேண்டும். ரத்தம் நிமிடத்துக்கு 300 மில்லி ஓடும்போது திரும்பிப் போகிற ஊசி நழுவினால், மூன்றரை நிமிடத்துக்குள் ஒரு லிட்டர் வெளியே போய்விடும். சாந்தமான ஆள் என்று பெயர் வாங்கியவர்கள் தவறுகிற இடம் இதுதான். கை மெதுவாவதற்குப் பெயர் பொறுமை இல்லை. யாக்கோபு 1:19-ஐக் கவனித்துப் பார்த்தால், கேட்கிறதற்குத் தீவிரம், பேசுகிறதற்குப் பொறுமை, கோபிக்கிறதற்குத் தாமதம் என்றுதான் இருக்கிறது. தாமதம் கோபத்துக்கு மட்டும்.

தமிழ் வேதாகமத்தில் ‘பொறுமை’ என்று நாம் வாசிக்கிற பல இடங்களுக்குப் பின்னால் கிரேக்கத்தில் முக்கியமாக இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று ஹுப்பொமொனே, பாரத்துக்குக் கீழே நின்று தாங்குவது. யாக்கோபு 1:3-ல் உள்ளது அது. மற்றது மக்ரோதுமியா, கோபம் வர நெடுநேரம் எடுத்துக்கொள்வது. கலாத்தியர் 5:22-ன் ‘நீடியபொறுமை’ அது. 1 கொரிந்தியர் 13:4-ன் ‘நீடிய சாந்தம்’ அதன் வினை வடிவம். வார்டில் முதலாவதைச் சுமக்கிறவர் நாற்காலியில் இருக்கிறவர். இரண்டாவதுதான் நர்ஸுக்கு. இதை மாற்றிப்போட்டு, ஊசி குத்திய கையோடு இருப்பவருக்கு “பொறுமையா இருங்க” என்று போதிக்கிறோம். அவர் வாரத்துக்கு மூன்று நாள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்!

எடை கூடினால் வாயில் முதலில் வருவது “தண்ணி நிறைய குடிச்சீங்களா?” என்ற கேள்வி. அது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் குற்றச்சாட்டு. பதிலும் பொய்யாகவே வரும். “ரெண்டு நாளா சாப்பாடு என்னங்க ஐயா?” என்று கேட்டுவிட்டுப் பத்து நொடி வாயை மூடிக்கொண்டால் ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்று ஒவ்வொன்றாக வரும். தாகத்தைக் கிளப்புவது உப்பு. உப்பைக் குறைக்காமல் தண்ணீரைக் குறை என்பது பலிக்காது. ரசமும் மோரும் கஞ்சியும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும் என்பதைப் பலருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

விழுங்கிய கோபம் எங்கும் போய்விடாது. நோயாளியிடம் காட்டாதது ஆயாம்மாவிடமோ, வீட்டில் பிள்ளைகளிடமோ வெளியே வரும். இதற்கு 13-ஆம் சங்கீதம் உதவும். முதல் இரண்டு வசனங்களுக்குள்ளேயே ‘எதுவரைக்கும்’ நான்கு முறை வருகிறது. ஜெபத்தில் முறையிடுவது அவிசுவாசம் என்று நினைப்பவர்கள்தான் ஷிப்ட் முடிவில் வெடிக்கிறார்கள் என்பது என் கணிப்பு. ஆள் பற்றாக்குறையையும் பழுதான மெஷினையும் ஆண்டவரிடம் மட்டும் சொல்லிவிட்டு நிற்கவும் கூடாது. அது இன்சார்ஜ் சிஸ்டரிடம் எழுத்தில் போக வேண்டிய விஷயம்.

கடைசிச் சோதனை ஊசியை எடுத்த பிறகு. குத்திய இடத்தின்மேல் காஸ் துணி வைத்து இரண்டு விரலால் பத்து நிமிடம் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்த்தால் அப்போதுதான் படிந்த ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும். பிறகு முதலிலிருந்து பத்து நிமிடம். ரொம்ப அழுத்தினால் ஃபிஸ்டுலாவின் (ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த ரத்தக் குழாய்) அதிர்வு நின்று, உள்ளேயே அடைத்துக்கொள்ளலாம். 23-ஆம் சங்கீதத்தை மனதுக்குள் நிதானமாகச் சொல்ல ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம். நாற்காலியில் இருப்பவர் வேறு சாமியைக் கும்பிடுகிறவராக இருக்கலாம், அவர் காதில் விழவேண்டிய அவசியமில்லை. அவருக்கு வேண்டியது அசையாத இரண்டு விரல். பத்து நிமிடம் கழித்து காஸை மெல்ல எடுத்து, பக்கத்தில் விரல் வைத்து அதிர்வு தட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, “எழுந்து மறுபடி எடை பாத்துக்கலாமா, ஐயா?”